நாற்பத்தொரு ‘கீப்’

சேசு மரி சூசை
மலைநாடு
14.09.2024

அன்புள்ள அண்ணைக்கு,

தேவ கிருபையால் நான் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் சுகமாயிருக்க இங்கே காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே மழை தொடங்கிவிட்டது. சால்வை போர்த்தாமல் கோயிலுக்குள் இருக்க முடியவில்லை.

முதலில் நல்ல செய்தி. என் நித்திய வார்த்தைப்பாட்டுக்கு நாள் குறித்துவிட்டார்கள். வருகிற மே 31. எட்டு வருஷம் இந்த மதிலுக்குள் இருந்ததற்கு இப்போதுதான் முழுதாக ஏற்றுக்கொள்கிறார்கள். இன்றிலிருந்து அந்த நாள் வரை வாசலைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் சட்டம். எந்தக் காரணத்துக்காகத் தாண்டினாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், ஒரு வருஷம் தள்ளிப்போகும். ஆகவே இந்த நேரம் பார்த்து நீங்கள் கலியாணம் கட்டிவிடாதீர்கள். முப்பத்தாறு வயதுவரை பொறுத்தவர் இன்னும் ஒன்பது மாதம் பொறுக்கலாம்.

அடுத்தது, எனக்கு ஒரு வேலை தந்திருக்கிறார்கள். இங்கே எல்லாருக்கும் பொதுப் பாஷை இங்கிலீஷ்தான் என்பது உங்களுக்குத் தெரியும். மதருக்குச் சிங்களம், மற்றவர்களுக்கு வேறு வேறு. தமிழ் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். அடுத்த வருஷம் மன்னாரிலிருந்து இரண்டு பிள்ளைகள் சேர வருகிறார்களாம். அவர்களுக்காக மடத்து ஒழுங்குப் புத்தகத்தைத் தமிழில் மாற்றச் சொல்லியிருக்கிறார் மதர்.

ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ‘கீப்’. சின்னஞ்சிறு சொல். புத்தகத்தில் நாற்பத்தொரு இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். மௌனத்தைக் கீப் பண்ண வேண்டும். ஒருசந்தி நோன்பைக் கீப் பண்ண வேண்டும். குசினியைத் துப்புரவாகக் கீப் பண்ண வேண்டும். சொந்தமாக எதையும் கீப் பண்ணக் கூடாது. சுகமில்லாத சகோதரிக்குப் பக்கத்தில் போய் இருப்பதற்கும் அதே சொல்தான். தமிழில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சொல் போட வேண்டியிருக்கிறது. அங்கே சனம் இந்தச் சொல்லை எங்கெங்கே பாவிக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். தவக்காலம் தொடங்குவதற்குள் முடிக்கப் பார்க்கிறேன். வழக்கம்போல் தவக்காலத்தில் கடிதம் இல்லை. வருவதெல்லாம் மதரின் மேசை லாச்சியில் உயிர்த்த ஞாயிறு வரை கிடக்கும்.

அம்மாவை உங்கள் கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தங்கச்சி
ஷெரோன்


(இந்தக் கடிதம் தபாலில் போடப்படவில்லை)

குருநகர்
30.09.2024

தங்கச்சி,

இன்றைக்குச் சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்குப் புற்றுநோய். குடலில் தொடங்கி ஈரலுக்கும் போய்விட்டது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு மூன்று தரம் கூட்டிக்கொண்டு போனேன். நேற்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, “ஒரு வருஷம் தாண்டுறது கஷ்டம். வலி இல்லாமல் பாப்பம்” என்றார். நல்ல மனிசன். கதைக்கும்போது என் தோளில் கை வைத்திருந்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது சுன்னாகம் தாண்டும் வரை அம்மா செபமாலை சொன்னார்; என் முகத்தைப் பார்த்தே எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு, “ஷெரோனுக்குச் சொல்லாதை” என்றார். ஏன் என்று கேட்டேன்.

“சொன்னால் ஓடி வருவாள். வந்தவளைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வராது. சாகிற நேரத்திலை பிள்ளையின்ரை வார்த்தைப்பாட்டைக் குழப்பினவள் எண்டு நான் போகவோ?”

வீட்டுக்குப் போகவும் விடவில்லை. நேரே கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தோனியார் சுருவத்தின் காலில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். மே 31 முடியும்வரை உனக்கு ஒரு சொல் சொல்லக் கூடாது.

இன்றைக்கு அவர் தானே குளிக்கிறார், தானே சமைக்கிறார். நாளைக்கு ஏலாமல் போனால் ஒரு ஆம்பிளை நான் என்ன செய்வேன்? உன்னைக் கூப்பிட வேண்டும் போலிருக்கிறது. அம்மாவுக்காகவா எனக்காகவா என்று என்னையே கேட்டால், எனக்காகத்தான். எனக்குப் பயமாயிருக்கிறது. அதனால்தான் இதை மடித்து வேதாகமத்துக்குள் வைக்கிறேன்.

அண்ணை


குருநகர்
01.10.2024

அன்புள்ள சிஸ்டர் ஷெரோனுக்கு,

உன் கடிதம் கிடைத்து மகிழ்ந்தோம். நானும் அம்மாவும் நல்ல சுகம். உன் சுகமும் அப்படியே இருக்க ஆண்டவரை மன்றாடுகிறோம். நாள் குறித்த செய்தியை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் தரம் தானே வாங்கி வாசித்தார்.

நீ தந்த வேலையைச் செய்தேன். ஊர் முழுக்கக் கேட்டதில் சனம் எனக்கு விசர் என்று முடிவுகட்டிவிட்டது. ஐஸ் பக்டறியில் ஸ்ரோர் கீப்பர் முருகேசு இருக்கிறார். அவர் எதையும் கீப் பண்ணுவதில்லை, கேட்டவனுக்கெல்லாம் கொடுத்துவிடுவார், ஆனால் பெயர் கீப்பர். கொடிகாமம் பஸ்ஸின் பின்பக்கத்தில் ‘கீப் டிஸ்ரன்ஸ்’ என்று எழுதியிருக்கிறது. அந்த டிறைவரோ முன்னால் போகிற ஓட்டோவை முட்டாத குறையாகத்தான் ஓடுகிறான். கரையோர வீதியில் ‘கீப் லெவ்ற்’ பலகையை லொறி ஒன்று இடித்ததில் அம்புக்குறி கடலைக் காட்டுகிறது. சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறவன் நேரே தண்ணீருக்குள் இறங்க வேண்டியதுதான்.

ஆனால் எனக்குத் தெரிந்த கீப்பர் ஒன்றுதான். பதினொரு வருஷம் எங்கள் கழகத்துக்குக் கோல் கீப்பராக நின்றேன். மற்றப் பத்துப் பேரும் ஓடுவார்கள். கீப்பர் நிற்பான். ஒரு மணித்தியாலம் ஒன்றும் நடக்காமல் நின்றுவிட்டு ஒரு செக்கனில் பிழை விட்டால் ஊரே அவனைத்தான் பேசும். உன் புத்தகத்துக்கு உதவுமோ தெரியாது.

ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் மருந்துப் பெட்டியிலும் அதே சொல்தான். குளிரில் கீப் பண்ணவாம், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் கீப் பண்ணவாம். இந்தச் சொல் இல்லாவிட்டால் வெள்ளைக்காரன் வாயே திறக்க மாட்டான் போலிருக்கிறது.

வலையில் நண்டு இப்போது பரவாயில்லாமல் படுகிறது. அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்பு அண்ணை
றஜிந்தன்


சேசு மரி சூசை
மலைநாடு
09.11.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள் இருவரும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். ஓய்வு நேரத்தில் உங்கள் கடிதத்தை மற்றச் சிஸ்டர்மாருக்கு இங்கிலீஷில் சொல்லிக் காட்டினேன். கடலைக் காட்டுகிற பலகைக்கு மதர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கோல் கீப்பரைப் பற்றி எழுதியதை நான் எனக்கென்று கொப்பியில் பதிந்து வைத்திருக்கிறேன். இங்கேயும் அப்படித்தான், ஒன்றும் நடக்காமல் நிற்பதுதான் பெரிய வேலை.

புத்தகத்தில் பாதி முடிந்துவிட்டது. மௌனத்துக்கு ‘காக்க’ என்று போட்டேன். ஒருசந்திக்கு ‘அனுசரிக்க’. குசினிக்கு ‘வைத்திருக்க’. மதர் என் மேசைக்கு வந்து, எழுத்தின் வடிவத்தை மட்டும் பார்த்துவிட்டு, ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை விதமாக எழுதுகிறாய் என்று சந்தேகமாகக் கேட்டார். இங்கிலீஷ்காரருக்குச் சொல் பஞ்சம், எங்களுக்கு இல்லை என்றேன். இப்படிப் பேசுவதற்காகவே வருகிற வாரம் கோப்பை கழுவும் முறை எனக்குத்தான்.

ஒன்று கேட்கிறேன். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் எப்போது வந்தது? குளிரில் வைக்கிற மருந்து யாருடையது? பிறகு, ஒரு வரி எழுதச் சொன்னேனே, அம்மா ஏன் எழுதவில்லை? எட்டு வருஷத்தில் உங்கள் கடிதத்தின் அடியில் அம்மாவின் எழுத்து இல்லாமல் வந்தது இதுதான் முதல் தரம்.

அன்புத் தங்கச்சி
ஷெரோன்


குருநகர்
25.11.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு மன்றாடுகிறோம்.

ஃபிரிட்ஜ் சீட்டெடுத்து வாங்கியது. நண்டுக்கு ஐஸ் வைக்க வசதி. மருந்து எனக்குத்தான், வயிற்றெரிவு. நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது, பயப்பட ஒன்றுமில்லை. அம்மாவுக்கு வலது கைப் பெருவிரலில் நகச்சுத்து. பேனை பிடிக்க ஏலாது. மாறியதும் எழுதுவார்.

புயல் வருகிறது என்று கடலுக்குப் போக வேண்டாம் என்கிறார்கள். வள்ளத்தை மேலே ஏற்றிவிட்டோம். திருவருகைக் காலமும் தொடங்குகிறது, இதற்குப் பிறகு நத்தாருக்குத்தான் கடிதம் என்று நினைக்கிறேன். உனக்கும் மடத்தில் எல்லாருக்கும் எங்கள் நத்தார் வாழ்த்து.

அண்ணை
றஜிந்தன்


சேசு மரி சூசை
மலைநாடு
08.01.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றி நீங்கள் எழுதுவதை இனி அப்படியே நம்புவதாக இல்லை.

நத்தாருக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. இரண்டு பேருடைய பெயரும் உங்கள் எழுத்தில். நகச்சுத்து மூன்று மாதமாக மாறாமல் இருக்குமா? வாழைப்பழத்தோடு மஞ்சள் கட்டினால் ஒரு கிழமையில் மாறுகிற வருத்தம். எனக்கு வந்தபோது அம்மாதான் கட்டிவிட்டார். வயிற்றெரிவுக்கு உலகத்தில் யாரும் மருந்தைக் குளிரில் வைப்பதில்லை. இதை மருந்தறைச் சிஸ்டரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். நீங்கள் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லத் தெரியாதவர். சொன்னால் உடனே கடிதம் சின்னதாகிவிடும்.

அம்மாவுக்கு என்ன?

நாங்களாகப் போன் எடுக்க இங்கே முடியாது. வெளியிலிருந்து அவசரம் என்று வந்தால்தான் கூப்பிடுவார்கள். ஆகவே உங்களைத்தான் கேட்க வேண்டும். என் மே மாதத்தை நினைத்து நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பதாக எனக்குப் படுகிறது. அப்படியென்றால் பிழை. ஒழுங்குப் புத்தகத்தில் முப்பத்தாறாம் கீப் இப்படி: ஒருவரிடமிருந்து ஒன்றைக் கீப் பண்ணினால், அது மறைப்பது. அதற்கு ஒரு பகல் முழுக்க நல்ல தமிழ் தேடினேன். ‘மறைக்காதே’ என்பதைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

அம்மா சுகமில்லாமல் இருந்தால், வருவதா நிற்பதா என்று நான்தான் முடிவெடுக்க வேண்டும். நானும் அவர் பெற்ற பிள்ளைதான். உடனே பதில் போடுங்கள். மார்ச் ஐந்தாம் திகதி விபூதிப் புதன், அதற்குப் பிறகு வந்தால் என் கைக்குக் கிடைக்காது.

ஷெரோன்


குருநகர்
03.03.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் ஜனவரி பதினைந்தாம் திகதியே கிடைத்துவிட்டது. ஏழு கிழமையாக என் சேட்டுப் பையில் இருக்கிறது.

அம்மாவுக்குப் புற்றுநோய். செப்தெம்பரிலிருந்து எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று அந்தோனியார் காலில் கை வைத்துச் சத்தியம் பண்ண வைத்தார். உனக்குப் பொய் எழுதத் தனக்குக் கை வராது என்றுதான் அடியில் ஒரு வரியும் எழுதவில்லை. இப்போது கட்டிலோடுதான். காலையில் பக்கத்து வீட்டு நல்லம்மாக்கா வந்து மேல் கழுவிவிடுவார். மற்றதெல்லாம் நான். கஞ்சி கொடுப்பேன், வலிக்கு மருந்து கொடுப்பேன், துணி தோய்ப்பேன். கடலுக்குப் போய் ஒரு மாதமாகிறது. வள்ளத்தைக் கழகத்து ஜெரோசன் எடுத்து ஓடுகிறான்.

இன்றைக்குத் திங்கள். இதை இன்று தபாலில் போட்டால் வியாழன் அல்லது வெள்ளி மடத்துக்கு வரும். புதனோடு மதர் கடிதங்களை லாச்சிக்குள் போடத் தொடங்கிவிடுவார். உயிர்த்த ஞாயிறன்றுதான் நீ இதை வாசிப்பாய். அது தெரிந்துதான் இன்று போடுகிறேன். கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன் என்று என் மனதுக்குச் சொல்லிக்கொள்ளலாம். நீ வாசிக்கவில்லை, சத்தியமும் உடையவில்லை என்று அம்மாவின் முகத்தில் முழிக்கலாம். கெட்டித்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதிக்கொண்டு போகப் போக வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் போடத்தான் போகிறேன்.

நீ இதை வாசிக்கும்போது அம்மா இருப்பாரா என்று எனக்குத் தெரியாது. என்னைக் கோபி. நியாயம்தான்.

அண்ணை
றஜிந்தன்


குருநகர்
27.03.2025

மதர் அவையளுக்குத் தோத்திரம்.

நான் குருநகர் செபஸ்தியம்மா. சிஸ்டர் ஷெரோன்ரை தாய். உங்களுக்குத் தமிழ் தெரியாதெண்டு பிள்ளை எழுதினவள். எனக்கு வேறை பாஷை தெரியாது. ஆராவது இதை வாசிச்சு உங்களுக்குச் சொல்லட்டும். எழுத்துக் கோணலாயிருக்கும், படுத்துக்கொண்டு எழுதிறன்.

எனக்கு வருத்தம் முத்திப் போச்சு. பிள்ளைக்குச் சொல்லவேண்டாமெண்டு மகனைக் கட்டிப்போட்டது நான்தான். அவனிலை பிழையில்லை. அவன் இப்ப வெளியிலை துணி தோய்க்கிறான், இது அவனுக்குத் தெரியாது. நல்லம்மாவிட்டைக் குடுத்துத்தான் தபாலிலை போடுறன்.

எட்டு வருசத்துக்கு முந்தி நான் அவளைக் கொண்டுவந்து விடேக்கை, மனம் பொருந்தித்தானோ தாறாய் எண்டு கேட்டனீங்கள். ஒரு சிஸ்டர் தமிழிலை மாத்திச் சொன்னவ. நான் ஓம் எண்டனான். இப்பவும் ஓம்தான். சாகப் பயமில்லை. அவளைப் பாக்காமல் போயிடுவனோ எண்டுதான் பயம். இவ்வளவு பயம் வருமெண்டு எனக்கு முந்தித் தெரியாது.

ஒருக்கா அனுப்பிவிடுங்கோ. பாத்திட்டு அனுப்பிவிடுவன். வைச்சிருக்கமாட்டன். இது சத்தியம்.

செபஸ்தியம்மா


சேசு மரி சூசை
மலைநாடு
02.04.2025

அண்ணை,

இது எனக்கு முன் வந்தாலும் சரி, பின் வந்தாலும் சரி. நான் சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். உங்களோடு போட வேண்டிய சண்டையை அம்மாவுக்கு முன்னால் போட முடியாது, ஆகவே அதை இங்கேயே எழுதி முடித்துவிடுகிறேன். தவக்காலத்தில் கடிதம் எழுத மதர் உத்தரவு தந்திருக்கிறார்.

நேற்றுக் காலை மதர் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். “எனக்குத்தான் வந்திருக்கிறது, ஆனால் தமிழ். வாசித்துச் சொல்” என்றார். மடத்துக்கு உதவி கேட்டு வருகிற கடிதம் என்று நினைத்துக் கையில் வாங்கினேன். மடிப்பைப் பிரித்ததும் எழுத்து யாருடையது என்று தெரிந்துவிட்டது. மதர் பேனையோடு காத்துக்கொண்டிருந்தார். அம்மா எனக்குச் சொல்லாததை நானே இங்கிலீஷில் மாற்றி மதருக்கு வரி வரியாகச் சொன்னேன். ‘வைச்சிருக்கமாட்டன்’ என்ற இடத்துக்கு வந்தபோது, ஆறு மாதமாக நான் மல்லுக்கட்டுகிற அந்தச் சொல் தேடாமலே வந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மதர் எழும்பி வந்து கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, லாச்சியைத் திறந்து உங்களுடையதையும் எடுத்துத் தந்தார்.

ஒரு மாதம்! ஒரு மாதமாக அது என் அறையிலிருந்து இருபது அடி தூரத்தில் கிடந்திருக்கிறது. நான் தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போனேன். நீங்கள் எனக்குச் சொல்லவில்லை அண்ணை, ஒரு லாச்சிக்குச் சொன்னீர்கள். நீங்கள் தனியே பட்ட பாட்டை நினைத்தால் நெஞ்சு வெடிக்கிறது, அதற்காக இதை மன்னிக்க எனக்கு இன்னும் வரவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

மதர் நேராகப் பேசினார். மே 31 இனி இல்லை, அடுத்த வருஷம் பார்ப்போம். மற்றது, எங்கள் சட்டப்படி பெற்றவருக்காக ஒரு தரம்தான் வெளியே போகலாம். “இப்போது போகிறாயா, அடக்கத்துக்குப் போகிறாயா? யோசித்துச் சொல்” என்றார். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. இப்போது என்றேன். அடக்கத்துக்கு நான் இருக்க மாட்டேன். அதை நீங்கள் தனியே செய்ய வேண்டிவரும்.

ஒரேயொரு கட்டளை. இதற்குப் பிறகு எதையும் மறைக்கக் கூடாது. என்னை நினைத்தும் கூடாது, அம்மா சொன்னாலும் கூடாது. எவ்வளவு கெட்டதாயிருந்தாலும் முழுதாக எழுத வேண்டும். எந்தச் சுருவத்திலும் கை வைக்கத் தேவையில்லை, எனக்கு வாயால் சொன்னால் போதும்.

ஷெரோன்


குருநகர்
11.05.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்றே மடத்துக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். மற்றதை இதில் எழுதுகிறேன். அடக்கம் முடிந்து இப்போதுதான் வந்தேன். நல்ல சனம். கிறிஸ்துநாயகம் சுவாமி பூசை வைத்தார். கழகப் பொடியள்தான் பெட்டி தூக்கினார்கள். நீ கொண்டுவந்து தந்த செபமாலையை அம்மாவின் கையில் சுற்றிவிட்டோம்.

அம்மா சனி காலை ஏழு மணிபோலப் போனார். நான் பக்கத்தில் இருந்தேன். வலி இருக்கவில்லை.

இனி நீ கேட்டது. நல்லம்மாக்கா, “உதை அவளுக்கு எழுதாதை தம்பி, தாங்கமாட்டாள்” என்கிறார். எனக்கும் எழுத விருப்பமில்லை. வாயால் சொன்னேன், ஆகவே எழுதுகிறேன்.

நீ இருபத்திமூன்று நாள் நின்றாய். உயிர்த்த ஞாயிறு முடிந்து எட்டாம் நாள் அம்மாவே, “சரி, பாத்தாச்சு. போ பிள்ளை” என்று உன்னை அனுப்பினார். நீ அழுதாய், அவர் அழவில்லை. நீ பஸ் நிலையத்துக்குப் போக வான் வண்டியில் ஏறும்போது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் உள்ளே வந்ததும், “போட்டாளோ?” என்றார். ஓம் என்றேன். “நல்லது” என்றார். அதுவரை உனக்குத் தெரியும், நீ வந்து சேர்ந்தாயா என்று அன்றைக்கே போனில் கேட்டபோது எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மதரிடம் சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் அப்படியே இருந்தார். நாலாம் நாள் கஞ்சி வேண்டாம் என்று தட்டிவிட்டுவிட்டு என்னைப் பேசத் தொடங்கினார். “நான் விசரி, போ எண்டு சொன்னால் நீயும் விட்டிட்டு நிண்டனியோ? அவளை மறிச்சிருக்கலாமெல்லோ?” உங்கள் சத்தியம்தானே அம்மா என்றேன். “என்ன பெரிய சத்தியம். பிள்ளையை நிப்பாட்டியிருக்கலாம்” என்றார். கிறிஸ்துநாயகம் சுவாமி வந்து நற்கருணை கொடுத்தபோது அவரிடமும் இதையே சொன்னார்.

கடைசி மூன்று நாளும் உன்னைத்தான் கேட்டார். “ஷெரோன் எங்கை?” என்பார், கதவைப் பார்ப்பார். நல்லம்மாக்காவுக்குப் பொறுக்கவில்லை. “இஞ்சைதான் நிக்கிறாள்” என்று தன் கையை அம்மாவின் கையில் வைத்தார். அம்மா அந்தக் கையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, “இது அவளின்ரை கை இல்லை” என்று விட்டுவிட்டார்.

உன்னைப் போன் போட்டுக் கூப்பிடலாமா என்று வெள்ளிக்கிழமை நினைத்தேன். ஒரு தரம்தான் என்று நீ எழுதியிருந்தாய். கூப்பிட்டிருந்தால் சட்டத்தை மீறி அனுப்பியிருப்பார்களோ என்று இப்போது நினைக்கிறேன். கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் பிழை.

எல்லாம் எழுதிவிட்டேன். உன்னை நோகடித்ததற்கு மன்னித்துக்கொள். நான் சாப்பிடுகிறேன், படுக்கிறேன். என்னை யோசிக்காதே.

அண்ணை
றஜிந்தன்


சேசு மரி சூசை
மலைநாடு
21.05.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் பதினாறாம் திகதி கிடைத்தது. நான் சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், இதை நல்லம்மாக்காவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஐந்து நாளாக ஒரு வேலையும் ஓடவில்லை. கோயிலில் இருந்தால் அம்மா தடவிப் பார்த்த கைதான் நினைவில் வருகிறது. அம்மா முழு மனதோடுதான் என்னைத் தந்தார் என்று இங்கே எல்லாரும் சொல்லி ஆறுதல்படுத்துகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் சாகும்வரை அப்படியே நினைத்துக்கொண்டிருப்பேன், யாருக்கும் தெரிந்திருக்காது. வாசித்தபோது உங்கள் மேல் ஒரு பகல் முழுக்கக் கோபம் வந்தது. பிறகு போய்விட்டது.

நான் நின்றிருக்க வேண்டும் அண்ணை. போ என்றதும் போயிருக்கக் கூடாது. மதரிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை, அதற்காக அவரை எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்த வருஷம் மறுபடி கேட்பார்கள். ஓம் என்பேனா என்று இன்றைக்குத் தெரியாது. தெரியும்போது முதலில் உங்களுக்கு எழுதுவேன்.

யூன் ஒன்பது முப்பத்தோராம் நாள். பூசைக்குச் சொல்லியாயிற்றா? வருகிற சனத்துக்குச் சோறு கொடுக்க நல்லம்மாக்காவைத் தனியே விட்டுவிடாதீர்கள், ஜெரோசனின் வீட்டுப் பெண்களையும் கூப்பிடுங்கள்.

கடைசி மூன்று நாளையும் நாலு வரியில் முடித்திருக்கிறீர்கள். எனக்குப் போதாது. வியாழக்கிழமை என்னைக் கேட்டபோது கோபத்தோடு கேட்டாரா, கெஞ்சிக் கேட்டாரா? எத்தனை தரம்? கதவைப் பார்த்தபோது யாராவது வந்தார்களா? வெள்ளிக்கிழமை ஏதாவது குடித்தாரா? உங்களுக்கு நினைவிருப்பதெல்லாம், நாள் நாளாக, எதையும் விடாமல் எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு கடிதம்தான் என்று இங்கே சட்டம். எத்தனை பக்கம் என்று சட்டம் இல்லை.

உங்கள் தங்கச்சி
ஷெரோன்